சினர்ஜி: ‘கூட்டாற்றல்’ போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> சினர்ஜிக்குக் கூட்டாற்றல் என்றே வைத்துவிடலாம். பழகிய சொல்.

பழகிய சொல்தான் ஐயா, ஆனால் மருந்தியலில் அது காலை வாரிவிடும். கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள்மீது மெட்ஃபார்மினையும் சோராஃபெனிபையும் சேர்த்துச் செலுத்திப் பார்க்கும் ஆய்வுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மெட்ஃபார்மின் வேறொன்றுமில்லை, பாதி வீடுகளில் இருக்கும் சர்க்கரை மாத்திரை. மைட்டோகாண்டிரியாவின் ஆற்றல் உற்பத்தியை அது சற்று முடக்குகிறது. ஆற்றல் குறைந்ததும் ஏஎம்பிகே என்ற நொதி முடுக்கம் பெற்று, செல் வளர்ச்சிக்கான எம்டார் பாதையை அடக்குகிறது. சோராஃபெனிப் வேறு பக்கமிருந்து வருகிறது: செல்லைப் பெருகத் தூண்டும் கைனேஸ் நொதிகளையும், கட்டிக்குப் புது இரத்தக் குழாய் முளைப்பதையும் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பலன் கூடுமா என்பது கேள்வி.

கூடுவது வேறு, சினர்ஜி வேறு. தனித்தனிப் பலன்களை வைத்து எதிர்பார்ப்பதையும் தாண்டிப் போவதே சினர்ஜி. ஒரு மருந்து தனியாக 20 விழுக்காடு செல்களைக் கொல்கிறது, மற்றது 30 என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துப் போட்டு 44 செத்தால் அதில் வியப்பே இல்லை. முதல் மருந்துக்குத் தப்பிய 80-இல் 30 விழுக்காடு, அதாவது 24, இரண்டாவதால் போகும். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இரண்டும் தத்தம் வேலையைப் பார்த்தாலே வரும் கணக்கு இது. பிளிஸ் என்ற ஆய்வாளர் 1939-இல் சொன்ன வழி. 60 செத்தால்தான் சினர்ஜி என்ற பேச்சுக்கே இடம். ‘கூட்டாற்றல்’ என்ற சொல்லோ 44-க்கும் பொருந்தும், 60-க்கும் பொருந்தும்.

மருந்துகள் சேரும்போது பலன் எப்படி மாறுகிறது என்று அளக்க, சௌ, தலாலே என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் தந்த குறியெண்ணைத்தான் இந்த ஆய்வுகளில் பெரிதும் பார்க்கிறேன். 1-க்குக் கீழே வந்தால் சினர்ஜி, 1 என்றால் எதிர்பார்த்த அளவு, மேலே போனால் ஒன்றை மற்றது கெடுக்கிறது. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் சொற்களும் ஒரே சாயலில் இருக்கட்டும்: கூட்டுமிகை, கூட்டுநிகர், கூட்டுக்குறை. எண்ணுக்குக் கூட்டுக் குறியெண். இங்கே கூட்டு என்பது கூட்டல் கணக்கு அல்ல, மருந்துக் கூட்டு. (பொரிச்ச கூட்டு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

———

> கூட்டுமிகை, கூட்டுநிகர், கூட்டுக்குறை

தம்பி, ‘மிகை’ வேண்டாம். மருந்தோடு சேர்ந்தாலே அது அளவு மீறியதைத்தான் நினைவூட்டும். ‘கூட்டுமிகை’ என்று எழுதினால், இரண்டு மாத்திரையையும் அளவுக்கு மேல் விழுங்கிவிட்டார் என்று படிப்பார்கள். சௌ–தலாலே எண் சொல்வதோ நேர்மாறு: அதே பலனுக்கு மருந்து குறைவாகவே போதும். அதனால்தான் எண் 1-க்குக் கீழே இறங்குகிறது. ‘கூட்டுவிஞ்சல்’ என்று வைத்துப் பாருங்கள். எதை விஞ்சியது என்று வாசகர் தானாகவே கேட்பார். கடைசிச் சொல்லுக்குக் கூட்டுமுரண்.

எந்தச் சொல்லை வைத்தாலும் ‘சோதனைத்தட்டில்’ என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். இந்த ஆய்வுகள் பலவற்றில் செல்கள்மேல் ஊற்றும் மெட்ஃபார்மின் மில்லிமோலார் கணக்கில் இருக்கும். மாத்திரை சாப்பிடுபவரின் இரத்தத்தில் இருப்பது மைக்ரோமோலார் கணக்கில்; ஒரு மில்லிமோலார் என்பது ஆயிரம் மைக்ரோமோலார். கல்லீரலில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும் என்றாலும் அந்த இடைவெளி சின்னதல்ல. முற்றிய நோய்க்கு சோராஃபெனிப் தந்த பலன் என்ன? 2008-இல் வெளியான பெரிய சோதனையில் இடைநிலை வாழ்நாள் 7.9 மாதத்திலிருந்து 10.7 ஆனது, அவ்வளவே. அந்த நிலையில் இருக்கும் குடும்பம் ‘சர்க்கரை மாத்திரை சேர்த்தால் விஞ்சுமாம்’ என்று படித்தால் என்ன செய்யும்? சோராஃபெனிபோடு மெட்ஃபார்மினும் எடுத்தவர்களின் நிலை மோசமாக இருந்ததாகச் சொல்லும், பழைய நோயாளிப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்த இத்தாலியப் பின்னோக்கு ஆய்வும் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

———

> கடைசிச் சொல்லுக்குக் கூட்டுமுரண்.

அக்கா, விஞ்சலுக்கு மறுப்பில்லை. இத்தாலிய ஆய்வு கட்டுரையின் இரண்டாவது பத்திக்கே போகிறது. முரண்தான் உறுத்துகிறது. ஒரு மருந்து அமர வேண்டிய ஏற்பியில் இன்னொன்று போய் உட்கார்ந்துகொள்வதுபோன்ற ஒரு காரணத்தை அந்தச் சொல் உள்ளே கொண்டுவந்துவிடும். 1-க்கு மேல் வந்த எண்ணுக்குக் காரணம் தெரியாது. பலன் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்தது என்று மட்டும் சொல்லும். ஆகவே கூட்டுத்தாழ்வு.

வாக்கியத்தில் வைத்தால் இப்படி வருகிறது: “ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களில் இவ்விரு மருந்துகளும் குறைந்த அளவுகளில் கூட்டுவிஞ்சலும், கூடிய அளவுகளில் கூட்டுநிகரும் காட்டின.” வாக்கியம் மாதிரிக்குத்தான், ஆய்வு முடிவல்ல. ஆனால் அளவு மாறினால் எண்ணும் மாறும் என்பது உண்மை. ‘இந்த மருந்துக் கூட்டு விஞ்சும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது.

நிகர் என்றால் நிகர லாபம் நினைவுக்கு வருகிறதா, சமன் என்று மாற்றலாமா? ஐயா சொல்லட்டும்.