‘+++’ அடித்தும் மோடம் கட்டளை நிலைக்குத் திரும்பவில்லை: உதவி தேவை

கேள்வி (மன்னார்குடி)

வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் எடைமேடைக் கணினியில் பழைய டாஸ் நிரல்தான் இன்றும் ஓடுகிறது. அது சீரியல் போர்ட் வழியாக மட்டுமே வெளியே பேசும். சம்பா நெல் வரத்து தொடங்குமுன், அன்றன்றைய எடைக் கணக்கைத் திருத்துறைப்பூண்டிக் கிடங்கிலுள்ள கணினிக்குத் தரைவழித் தொலைபேசியில் அனுப்ப வேண்டும் என்பதற்காக, இரு முனையிலும் வெளிப்புற மோடம் (கணினித் தரவைத் தொலைபேசியில் செல்லும் ஒலியாக மாற்றும் கருவி) பொருத்தியிருக்கிறோம்.

மோடத்துக்கான கட்டளைகளின் முன்னொட்டான ‘ஏடி’யை மட்டும் அடித்து என்டர் தட்டினால் ‘ஓகே’ வருகிறது. போர்ட்டின் வேகத்தை மாற்றினாலும் வருகிறது. ஆனால் அலுவலக இன்டர்காம் பெட்டி வழியாக டயல் செய்யச் சொன்னால் ‘நோ டயல்டோன்’ என்கிறது. அதே இணைப்பில் ரிசீவரை எடுத்தால் டோன் தெளிவாகக் கேட்கிறது. வெளி இணைப்பில் நேரடியாகப் பொருத்தினால் அழைப்பு சேர்ந்து கணக்கும் போய்விடுகிறது. அதன்பின், மோடம் மறுபடி கட்டளை ஏற்கும் நிலைக்கு வர ‘+++’ அடித்து என்டர் தட்டி, லைனைத் துண்டிக்கும் ‘ஏடிஎச்’ கொடுத்தால், அவ்வளவும் எதிர்முனைத் திரையில் எழுத்துகளாகத் தோன்றுகின்றனவே தவிர, இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை. மின்சாரத்தை நிறுத்தித்தான் லைனை விடுவிக்கிறோம். எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி (கும்பகோணம்)

ஐயா, முதலில் டயல் டோனைப் பார்ப்போம். உங்கள் மோடம் எக்ஸ்4 நிலையில் இருக்கக்கூடும். அந்நிலையில் டோனை அடையாளம் கண்டால்தான் அது டயல் செய்யும். வட அமெரிக்க டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம் நாட்டு டோன் 400 ஹெர்ட்ஸை 25 ஹெர்ட்ஸால் பண்பேற்றியது. இன்டர்காம் பெட்டியின் உள் டோனோ இவ்விரண்டிலும் சேராமல் இருக்கலாம். நம் காதுக்கு எல்லாம் டோன்தான், மோடத்துக்கு அப்படியன்று. ‘ஏடிஎக்ஸ்3’ கொடுத்தால், டோனுக்குக் காத்திராமல், எஸ்6 பதிவேட்டில் (மோடம் தன் அமைப்பு மதிப்புகளை வைத்திருக்கும் இடங்களுள் ஒன்று) உள்ள நொடிகள் (வழக்கமாக 2) கழித்து டயல் செய்யும். வெளி இணைப்புக்கு 0 அழுத்த வேண்டுமானால், ‘ஏடிஎக்ஸ்3டிடி0,,’ என்று தொடங்கி எண்ணைச் சேருங்கள். ஒரு காற்புள்ளிக்கு 2 நொடி நிறுத்தம்.

எந்த வேகத்திலும் ‘ஓகே’ வருவதற்கும் காரணம் உண்டு. ‘ஏ’ எழுத்து கம்பியில் வரும்போது தொடக்க பிட் 0, அதை அடுத்த பிட் 1. அந்த ஒற்றை 0 எவ்வளவு நேரம் நீடித்தது என்று அளந்துதான் மோடம் வேகத்தைக் கண்டுகொள்கிறது. பின்வரும் ‘டி’யைக் கொண்டு பாரிட்டியை (பிழை காண எழுத்தோடு சேர்க்கும் பிட்டின் வகையை) அறிகிறது.

மறுமொழி (நாகப்பட்டினம்)

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் அந்த என்டர். கட்டளையும் தரவும் ஒரே கம்பியில்தான் வருகின்றன. இணைப்பு ஏற்பட்டபின் வருவதையெல்லாம் மோடம் தரவாகவே கொள்ளும். 1981-இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தை வடிவமைத்த டேல் ஹெதரிங்டன் இதற்குக் கண்ட தீர்வு மிக நேர்த்தியானது: குறியை மட்டும் நம்பாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள மௌனத்தையும் மோடம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எஸ்12 பதிவேட்டின் வழக்கமான மதிப்பு 50. அலகு, நொடியில் 50-இல் ஒரு பங்கு. ஆக, இருபுறமும் ஒரு நொடி எதுவும் வரக்கூடாது. என்டரும் ஓர் எழுத்தே என்பதால், அது பின்மௌனத்தைக் கலைத்துவிடுகிறது.

கையை எடுத்து ஒரு நொடிக்கு மேல் பொறுங்கள். மூன்று கூட்டல் குறிகளையும் விரைவாக அடியுங்கள். மறுபடி கையை எடுத்துவிடுங்கள். ‘ஓகே’ தானாக வரும். அப்போதும் இணைப்பு உயிரோடுதான் இருக்கும்: ‘ஏடிஓ’ கொடுத்தால் தரவு நிலைக்குத் திரும்பலாம், ‘ஏடிஎச்’ கொடுத்தால் லைன் துண்டிக்கப்படும்.

மௌனத்தைக் குறைக்க எஸ்12-ஐ 0 ஆக்கும்படி யாரேனும் சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். எடைக் கணக்குக்குள் எங்கேனும் ‘+++’ இருந்தாலும் இணைப்பு கெடாமல் காப்பது அந்த மௌனமே. ஹேய்ஸ் நிறுவனம் 1985-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. உரிமத்தொகையைத் தவிர்க்க, மௌனம் தேவைப்படாத மாற்றுமுறையை வேறு சில தயாரிப்பாளர்கள் கையாண்டனர். அத்தகைய மோடத்தில், தரவுக்குள் ‘+++ஏடிஎச்’ என்பதும் என்டரும் வந்தாலே தொடர்பு அறுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எக்ஸ்3 கொடுத்ததும் இன்டர்காம் வழியாகவே அழைப்பு போனது. என்டர் இல்லாமல் ‘+++’க்கு ‘ஓகே’யும் வந்தது. இனி, இரவில் நிரல் தானாகவே துண்டிக்க வேண்டும். கிடங்கில் ஆள் இல்லாதபோது மணி அடித்துக்கொண்டே இருந்து ‘நோ கேரியர்’ (எதிர்முனை மோடத்தின் சைகை இல்லை) என்று முடிவதற்கும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி (நாகப்பட்டினம்)

கிடங்கு மோடத்தில் ‘ஏடிஎஸ்0=1’ கொடுங்கள்; முதல் மணியிலேயே எடுக்கும். எஸ்0-இல் 0 இருக்கும்வரை அது தானாக எடுக்காது. மின்தடைக்குப் பிறகும் அமைப்பு நிலைக்க, ‘ஏடி&டபிள்யூ’ கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

நிரல் தானாகத் துண்டிப்பதற்கு ‘+++’ஐ விட டிடிஆர் கம்பியே (கணினி தயாராக இருப்பதை மோடத்துக்குத் தெரிவிக்கும் கம்பி) நம்பகமானது. ஆலை மோடத்தில் ‘ஏடி&டி2’ அமைத்தால், நிரல் போர்ட்டை மூடி டிடிஆரை இறக்கியவுடன் மோடம் லைனை விட்டுவிடும். கேபிளில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். 9 பின் இணைப்பானில் அது 4-ஆவது பின், 25 பின் இணைப்பானில் 20-ஆவது.