புதுப்பிப்பு: −5 ≤ 3 − 2அ < 9 தீர்ந்தது (கூட்டு அசமன்பாடு)

இந்தக் கூட்டு அசமன்பாட்டை (இரண்டு அசமன்பாடுகள் ஒன்றாக இணைந்தது) ஒரே வரியில் சுருக்குவதா, இரண்டாகப் பிரிப்பதா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

“இரண்டாகப் பிரித்து ‘மற்றும்’ போட்டு இணையுங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. −5 ≤ 3 − 2அ என்பதிலிருந்து −8 ≤ −2அ. இதை −2 ஆல் வகுத்தால் குறி திரும்பி 4 ≥ அ. மறுபாதியில் −2அ < 6, ஆகவே அ > −3. இரண்டும் சேர்ந்து −3 < அ ≤ 4. எண்கோட்டில் −3 இல் திறந்த வட்டம் (அது தீர்வில் சேராது), 4 இல் நிரப்பிய வட்டம் (அது சேரும்).

சரிபார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அ = 4 எனில் நடுப்பகுதி −5; பொருந்துகிறது. அ = −3 எனில் 9; அது 9 ஐவிடச் சிறியதல்ல, எனவே விலகுகிறது. முனைகளைச் சோதித்தாலே பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

ஒரே வரியில் செய்தாலும் இதே விடைதான். இரண்டு குறிகளையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், அவ்வளவே. ஆனால் 3அ − 4 ≤ அ + 2 < 2அ + 5 என்ற அடுத்த கணக்கில் அந்த வழி எதிர்பாராமல் முட்டி நின்றது. மூன்று பகுதியிலும் மாறி வெவ்வேறு கெழுக்களுடன் இருப்பதால் எதைக் கழித்தாலும் அது நடுவில் தனித்து நிற்பதில்லை. பிரித்தவுடன் அ ≤ 3, அ > −3 என்று வந்துவிட்டது.

‘அல்லது’ போட்டு இணைந்த வகைக்கு, இரண்டையும் இப்படி ஒரே வரியில் சேர்ப்பது பொருந்தாது: அ < 5 அல்லது அ > 1 என்றால் எல்லா மெய்யெண்களுமே தீர்வு.