வெளுத்த படலம், நீல வடிநீர்: சவ்வு செய்து சறுக்கிய கதைகள்

புரதத்தைத் தடுத்து நீரை விடுகிற வடிகட்டிச் சவ்வு செய்யப் போனேன். பாலிஈதர்சல்போன் என்ற பிளாஸ்டிக் 16 சதவீதம், துளை உண்டாக உதவும் பிவிபி என்ற பாலிமர் 4 சதவீதம், மிச்சம் இரண்டையும் கரைக்கும் என்எம்பி என்ற கரைப்பான். இரவெல்லாம் கலக்கியதில் தேன் மாதிரி தெளிவாக வந்தது. குமிழி அடங்கும்வரை காத்திருந்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி, கத்தியால் 200 மைக்ரான் கனத்துக்கு இழுத்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால் படலம் முழுக்கப் பாலாடை போல வெளுத்திருக்கிறது. தண்ணீரில் முக்கிய பிறகுதான் கரைப்பான் வெளியேறி, பாலிமர் துளைகளோடு கெட்டியாகி வெளுக்க வேண்டும். இன்னும் முக்கவே இல்லை!

வெளியே மழை. என்எம்பி ஈரத்தை விடாமல் இழுக்கும். காற்றிலிருந்த நீரே பாலிமரைப் பிரித்துவிட்டது. அப்புறம் தொட்டியில் முக்கி என்ன பயன்? மேல்தோல் சல்லடையாகிவிட்டது, புரதக் கரைசல் தடையே இல்லாமல் இறங்கியது. இது புரியாமல் மூன்று வாரம் கலவை விகிதத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது கத்தியை இழுத்த கையோடு தகட்டைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறேன். மழைநாளில் சவ்வு வேலையே கிடையாது. உங்களுக்கு எங்கே சறுக்கியது?

பதில்:
எனக்குக் காய வைத்ததில். நன்றாக வந்த சவ்வை வெள்ளிக்கிழமை ஒற்றியெடுத்து மேசையில் விட்டுப் போனேன். திங்களன்று 2 பார் அழுத்தம் கொடுத்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. துளைக்குள் இருக்கும் நீர் வற்றும்போது பரப்பு இழுவிசை சுவர்களையும் சேர்த்து இழுத்து மூடிவிடுகிறதாம். அன்றிலிருந்து தண்ணீரிலேயே போட்டு வைக்கிறேன். காய வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் கிளிசரினில் ஊற வைப்பேன்.

பதில்:
என் கதையில் சவ்வின் மேல் தப்பே இல்லை, தப்பு என் ஆசையில். மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலை அதில் ஊற்றினேன். மேலே என்ன நீலமோ கீழேயும் அதே நீலம். புரதத்தைத் தடுக்கிற துளை சில நானோமீட்டர்; நீர் சூழ்ந்த தாமிர அயனி ஒரு நானோமீட்டர்கூட இல்லை. பிறகு எப்படி நிற்கும்?

சரி என்று பாலிஎத்திலீன்இமைன் கொஞ்சம் கலந்தேன். தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் நீளமான பாலிமர் அது. குடுவை கருநீலமானது, கீழே வந்தது நிறமற்ற தண்ணீர். அயனியைப் பெரிதாக்கிக் கொடுத்தால் இதே சவ்வு போதும். பிடித்த தாமிரத்தைத் திரும்ப எடுக்க மேலே தங்கியதில் கொஞ்சம் அமிலம் விட்டேன். இமைன் கையை விட்டுவிட்டது, மறுபடி நீலம் சொட்டத் தொடங்கியது.