காலிஃபிளவர் சாதம் குழையாமல் வர வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இரவில் மட்டும் சாதத்துக்குப் பதிலாகக் காலிஃபிளவரைத் துருவி வதக்கிக் கொடுக்கிறேன். வெந்த வெள்ளைச் சாதம் 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், பச்சைக் காலிஃபிளவரில் 5 கிராம்தான். அதனால் இதை விட மனமில்லை.

என்னிடம் மிக்ஸியும் கைத் துருவியும்தான் உண்டு. மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தாலும் அடியில் கூழாகிறது, மேலே துண்டுகள் அப்படியே நிற்கின்றன. துருவியின் பெரிய துளையில் தேய்த்தால் அரிசி அளவுக்கு அழகாக விழுகிறது. சரி, அது தீர்ந்தது. வாணலியில் போட்டதும்தான் சிக்கல். நான்கைந்து நிமிடத்தில் தண்ணீர் விட்டு மொத்தமும் குழைந்துவிடுகிறது. இத்தனைக்கும் மூடி போடுவதில்லை, உப்பும் கடைசியில்தான்.

துருவியதும் துணியில் கட்டிப் பிழிய வேண்டுமா? பிழிந்தால் சத்தும் போய்விடுமோ என்று தயக்கம். நான்கு பேருக்கானதை ஒரே தடவையில் கொட்டுவது தப்பா, பிரித்துப் பிரித்து வதக்க வேண்டுமா? அப்புறம், தண்டையும் சேர்த்தே துருவுகிறேன், அதனால் இருக்குமோ? முட்டைக்கோஸில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.