மாரிக்குள்ள லிஃப்டிங் பெல்ட், சோக் வச்சிருந்து பட்ட பாடு: உங்கட அனுபவத்தையும் போடுங்க

சரி, என்ட மானத்த நானே கப்பலேத்தித் தொடங்குறன்.

போன கார்த்திகை மழைக்குள்ள காய்ச்சல் வந்து ஒரு கிழமை ஜிம் பக்கமே போகல்ல. பாரம் தூக்கக்குள்ள இடுப்பில இறுக்கிக் கட்டுற தோல் பெல்ட், வேர்வைத் துவாய், கை வழுக்காம பூசுற வெள்ளைத் தூள், அதுதான் சோக், மூடி சரியா இறுக்காத அந்த டப்பா எல்லாம் ஒரே பேக்குக்குள்ள கட்டிலுக்குக் கீழ. எட்டாம் நாள் சிப்பத் திறந்தா ஊறின சப்பாத்து மணம். பெல்ட்டுக்கு உள்பக்கம் வெள்ளை வெள்ளையாப் பொட்டு, சோக்தான் கொட்டுண்டிட்டுது எண்டு நினைச்சுத் தட்டினன், போகல்ல, விரலால தேய்ச்சா பிசுபிசுக்குது, அடியில இளம்பச்சை. பூஞ்சணம் மச்சான்!

பெல்ட் 13 மில்லிமீற்றர் தடிப்பு, 10 சென்ரிமீற்றர் அகலம். பவர்லிஃப்டிங் போட்டியில விடுற ஆகக்கூடின அளவே அதுதான். கொழும்பால எடுப்பிச்சது, விலையச் சொன்னா வீட்டில இப்பவும் சண்டை வரும்.

பதட்டத்தில செய்தது ரெண்டும் பிழை. மழை விட்ட ஒரு நாள் மதில்ல வெய்யிலுக்குப் போட்டன், பின்னேரம் பாத்தா தோல் காஞ்சு விளிம்பில மெல்லிய வெடிப்பு. அதச் சரிக்கட்ட தேங்கா எண்ணெய அள்ளிப் பூசினன். இந்த பெல்ட்டுக்கு விறைப்புத்தான் உயிர், மூச்சை உள்ள இழுத்து வயித்தத் தள்ளக்குள்ள அது திருப்பித் தள்ளணும். எண்ணெய் குடிச்ச இடம் தொளதொளத்துப் போச்சு, ஒரு மாசத்தில சிக்கு மணமும் வந்திட்டுது.

பிறகு பழைய சப்பாத்து தைக்கிற ஐயா ஒராள் சொன்னபடி செய்தன். வெளியில வச்சு உலர் பிறஷ்ஷால தட்டி, வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு துடைச்சு, நிழல்ல ஃபான் காத்தில ரெண்டு நாள் தொங்கவிட்டன். பூஞ்சணம் போய்ட்டுது, வெடிப்பு அப்பிடியே கிடக்கு.

உப்புவெளிக்காரன்:
உங்களுக்கு பெல்ட் அண்ணன், எனக்கு பாரம் மாட்டித் தூக்குற இரும்புக் கம்பி, அந்த பாரே போச்சு. வீட்டுப் பின்விறாந்தைலதான் பார் வச்சிருக்கன், கடல் கிட்ட. டெட்லிஃப்ட், அதுதான் நிலத்தில கிடக்கிற பார இடுப்பு மட்டும் தூக்குறது, முடிஞ்சா சோக் பூசின கையோட பார அப்பிடியே விட்டிட்டு குளிக்கப் போயிடுவன். அந்த வரி வரியா இருக்கிற பிடிக்குள்ள சோக்கும் வேர்வையும் சேந்து களி மாதிரி இறுகி, உப்புக்காத்து ஈரத்தையும் பிடிச்சு வச்சுக் கொண்டு, உள்ளுக்கு முழுக்கக் கறள். கை வச்சா உள்ளங்கை செம்மண் நிறம். இப்ப ஒவ்வொரு நாளும் நைலோன் பிறஷ்ஷால உரசிப்போட்டு, கிழமைக்கு ஒருக்கா தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு நல்லாத் துடைக்கிறன். துடைக்காட்டி அடுத்த நாள் பார் கையில நிக்காது, அதையும் பட்டுத்தான் படிச்சனான்.

கடைசி செட்:
எங்கட ஜிம்முக்கு ஒரு பெடியன் வாறவன். 2022 பொதுநலவாய விளையாட்டில திலங்க இசுரு குமார பளுதூக்கல் 55 கிலோ பிரிவில வெண்கலம் எடுத்த வீடியோவப் பாத்த நாளிலயிருந்து அவனுக்கும் கைக்கு வெள்ளை பூசணும். காசில்ல, பள்ளிக்கூட வெண்கட்டிய இடிச்சுத் தூளாக்கிக் கொண்டு வந்திட்டான். அதில இருக்கிறது கல்சியம், ஜிம் சோக் மக்னீசியம் காபனேற்று, வேர்வைய உறிஞ்சிற வேலைய அதுதான் ஒழுங்காச் செய்யும். ரெண்டாம் தரம் தூக்கக்குள்ள வெண்கட்டி வேர்வையோட குழைஞ்சு வழுக்கி 90 கிலோ தொம் எண்டு விழுந்திச்சு, நல்ல காலம் காலில படல்ல. இப்ப நாங்க எல்லாருமாச் சேந்து ஒரு கட்டி வாங்கி, பாசல் டப்பாக்குள்ள பூட்டி வச்சிருக்கம். அள்ளிப் பூசாத தம்பி, விரல் மடிப்பிலயும் காய்ப்பு இருக்கிற இடத்திலயும் மெல்லிசாத் தேய் எண்டு ஒவ்வொரு நாளும் கத்துறன்.

தூக்குற அக்கா:
எங்கட ஜிம்மில தூள் சோக் தடை, நிலமெல்லாம் மா அரைச்ச மாதிரி ஆகுதாம். நான் லிக்விட் சோக் பாவிக்கிறன், அதில இருக்கிற அல்ககோல் பறந்து சோக் மட்டும் கையில நிக்கும். ஆனா உள்ளங்கைத் தோல் உரிஞ்ச அண்டைக்கு அதப் பூசிப்போட்டு நான் போட்ட சத்தம் றோட்டில நிண்டவங்களுக்கும் கேட்டிருக்கும்.

முதல் போட்டவன் திரும்பவும்:
அக்கா, ஐயோ. எங்கட வீட்டில காத்து நல்லா வாற இடம் சாமியறை வாசல் ஒண்டுதான், அங்க ஆணி அடிக்கப் போக "மாட்டுத்தோல சாமிக்கு முன்னுக்கா தொங்க விடப் போறாய்?" எண்டு அம்மா துரத்திட்டா. இப்ப முன்ஹோலில ஃபானுக்குக் கீழ தொங்குது. வாற சொந்தக்காரர் எல்லாம் உது ஆருக்கு அடிக்கிறதுக்கு எண்டு கேக்கிறாங்க.