இயந்திரப் பொறியியல் படித்தேன். எழுத்தும் வாசிப்பும் சார்ந்த வேலைக்கு வழி உண்டா?

கேள்வி: 2021இல் பட்டம் பெற்று, வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். மனம் வாசிப்பிலும் எழுத்திலுமே நிற்கிறது. மீண்டும் மூன்றாண்டுகள் படிக்க வீட்டு நிலை இடம் தராது. என்ன செய்யலாம்?

பதில் 1: காப்புரிமை முகவர் பணியைப் பற்றி எண்ணிப் பாருங்கள். கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களை எழுதித் தாக்கல் செய்பவரே இம்முகவர். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, 21 வயது நிறைந்து, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்கள் இதற்கான தகுதித் தேர்வை எழுதலாம். சட்டப் பட்டம் தேவையில்லை. இரண்டு எழுத்துத் தாள்களிலும் தலா 50 விழுக்காடும், நேர்முகத் தேர்வையும் சேர்த்து மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும். ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டு, பிறர் சிறு மாற்றம் செய்து எளிதில் தப்பிவிட முடியாதபடி அதன் உரிமைக்கோரலை, அதாவது கண்டுபிடிப்பில் எது காப்புரிமைக்கு உட்பட்டது என்று வரையறுக்கும் வாசகத்தை, சொல் சொல்லாகச் செதுக்குவதே இப்பணியின் உயிர்நாடி என்பதால், நீங்கள் கற்ற பொறியியல் இங்கே வீணாகாது.

பதில் 2: மேலே சொன்னவருடன் உடன்படுகிறேன். ஆனால் இத்தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. ஆகவே இப்போதே வேலையை விட்டுவிடாதீர்கள், தம்பி. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் விவரக்குறிப்புகளை, அதாவது கண்டுபிடிப்புகளை விளக்கும் காப்புரிமை ஆவணங்களை, இலவசமாகவே படிக்கலாம். உங்கள் தொழிற்சாலையில் நாள்தோறும் கையாளும் ஒரு பாகத்தைப் பற்றியதை எடுத்து, அதன் முதல் உரிமைக்கோரலை நீங்களே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. பிரேக் பாகம் ஒன்றிலிருந்து இன்றிரவே தொடங்குகிறேன்.