‘டிகாய்’: பார்வைப்புறாவா, பொம்மைப்புறாவா?

மடல் 1 | பட்டியல் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

பயிர்காப்புச் சொற்பட்டியலில் இங்கிலாந்தின் காட்டுப்புறாப் பகுதி மட்டும் பாக்கி. அதில் ‘டிகாய்’ (பயிர் மேயும் புறாவைச் சுடும் தூரத்துக்குள் இறங்கவைக்க வயலில் வைப்பது) என்ற சொல் பெயராகவும் வினையாகவும் வரிக்கு வரி வருகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: ஈர்ப்புப்பொம்மை, கவர்பொம்மை, போலிப்புறா, பொய்ப்புறா. எனக்கு ‘ஈர்ப்புப்பொம்மை’ சரியென்று படுகிறது, பார்த்தவுடன் புரிகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ‘ஹைட்’ (சுடுபவர் மறைந்திருக்கும் இடம்), ‘ஃப்ளைட் லைன்’ (புறா நாள்தோறும் பறந்துபோகும் வழி) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2 | நார்ஃபோக் பண்ணை வேலையர்

பொம்மை வேண்டாம் ஐயா. காரணம் வேலையிலேயே இருக்கிறது.

காட்டுப்புறா கூட்டமாக மேயும் பறவை. மேலே பறப்பது, கீழே தன் இனம் தலை குனிந்து மேய்வதைக் கண்டால் அங்கே தீனி இருக்கிறது, ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டு இறங்கும். அந்தக் கணக்கைத்தான் நாம் ஏமாற்றுகிறோம். ஏமாற்ற வைப்பது ஒரே பொருள் அல்ல. முதுகுப்பக்கம் மட்டும் உள்ள பிளாஸ்டிக் ஓடு ஒன்று. குச்சியில் செருகினால் காற்றில் லேசாக ஆடும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருபதை ஒரு பையில் போடலாம். முழு உடல் உள்ளது இன்னொன்று, இடத்தை அடைக்கும். மூன்றாவது, சுட்டு விழுந்த புறாவையே திரும்ப வயலில் வைப்பது. அனுபவப்பட்டவர்கள் இதைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் நிஜ இறகுக்கு ஈடான சாயம் கிடையாது. செத்த புறாவைப் பொம்மை என்று எப்படிச் சொல்வது? ‘பொய்ப்புறா’வும் அதே இடத்தில் இடறுகிறது. அது மெய்யான புறாதான், உயிர் இல்லை, அவ்வளவே.

நான்காவது இயந்திரம். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டார், அதன் மேல் எதிரெதிராக இரண்டு நீண்ட கம்பிக் கைகள், நுனிக்கு ஒரு புறா, சிறகு விரித்த நிலையில். சுற்றும்போது சிறகின் வெள்ளைப் பட்டை பளிச்சிட்டு, இறங்கும் புறா போலத் தூரத்திலிருந்தே தெரியும். வேகக் கட்டுப்பாடு இல்லாத மோட்டாரை வாங்கினால் காசு வீண். வேகம் கூடினால் புறா நெருங்காது. அடிக்கடி சுடப்பட்ட வட்டாரத்தில் அதைக் கண்டாலே திரும்பிவிடும், நிறுத்திவைப்பதே நல்லது.

வைக்கும் முறையையும் சொல்கிறேன், வினைச்சொல் தேடுபவர்களுக்கு உதவும். தொடக்கத்துக்குப் பத்திலிருந்து இருபது போதும். ஆள் மறைந்திருக்கும் இடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி, குதிரை லாட வடிவில் வைத்து நடுவைக் காலியாக விடவேண்டும். புறா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஆகவே லாடத்தின் வாய் காற்று போகும் பக்கம் இருக்கவேண்டும். முகங்கள் பொதுவாகக் காற்றை நோக்கி இருக்கட்டும், ஆனால் அணிவகுப்பு மாதிரி எல்லாம் ஒரே கோணத்தில் வேண்டாம். ஒன்றுக்கொன்று குறைந்தது இரண்டு தப்படி இடைவெளி. நெருக்கினால் ‘மிரண்டு பறக்கப்போகும் கூட்டம்’ என்று மேலே இருப்பது படித்துக்கொள்ளும்.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. மழையிலும் பனியிலும் பிளாஸ்டிக் ஓடு மினுங்கும். அதனால்தான் மேலே மெல்லிய பஞ்சுத்தூள் ஒட்டிய ஓடுகள் விற்கின்றன. செத்த புறா மல்லாந்து கிடந்தால் அந்த வெளிர் வயிறு ஒன்றே போதும், வரும் புறாவெல்லாம் ஓரமாய் விலகிப்போகும். குப்புற வைத்து, கூரிய குச்சியைத் தாடைக்கடியில் குத்தித் தலையை நிமிர்த்தி, சிறகை மடித்துவிட வேண்டும். உதிர்ந்த இறகையும் பொறுக்க வேண்டும். காற்றே இல்லாத நாளில் வராமல் இருப்பது உத்தமம்: ஓடுகள் அசையாது, புறா எந்தத் திசையிலிருந்து இறங்கும் என்றும் சொல்ல முடியாது. பாதியில் காற்று திசை மாறினால் சோம்பல் பார்க்காமல் எழுந்துபோய் லாடத்தைத் திருப்பி வையுங்கள்.

மடல் 3 | பழந்தமிழ்ப் பக்கம்

புதுச்சொல் எதற்கு? தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது: பார்வை.

புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். முற்றத்தில் அவன் வைத்திருக்கும் ‘பார்வை மடப்பிணை’யை (பெண்மானை) தழுவித் தனிக்கலை (ஆண்மான்) ஒன்று விளையாடுகிறது. அசைந்தால் கணவன் விழிப்பான், கலையும் பிணையை விட்டு ஓடிவிடும் என்று அஞ்சி மனைவி ஆடாமல் நிற்கிறாள். அந்தப் பிணைமான் மற்ற மான்களை வரவழைக்கப் பழக்கி வைத்தது. பெரும்பாணாற்றுப்படையில் விளாமரத்தடியில் கட்டியிருப்பதும் பார்வைமான்தான். பிற்காலத்தில் உமாபதி சிவம் திருவருட்பயனில், ‘பார்வையென மாக்களைமுன் பற்றிப் பிடித்தற்காம் போர்வை’ என்று குருவடிவத்துக்கே இதை உவமை ஆக்குகிறார்: மானைக் காட்டி மானைப் பிடிப்பது போல, மனிதரைப் பிடிக்க மனித வடிவில் வருவது.

நார்ஃபோக்காரர் சொன்ன ‘தன் இனத்தைக் காட்டித் தன் இனத்தை இறக்குவது’ என்ற கருத்து அப்படியே சொல்லுக்குள் இருக்கிறது. ‘ஈர்ப்பு’ என்றால் இரை வைத்தும் ஈர்க்கலாம், விளக்கு வைத்தும் ஈர்க்கலாம். பெயர்: பார்வைப்புறா. வினை: பார்வை வைத்தல். கண்ணி வைத்தல், பொறி வைத்தல் என்ற வரிசையில் இயல்பாக உட்காரும்.

இன்னொன்று: ஆங்கிலச் சொல்லே கூண்டு என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். காட்டுவாத்துகளை வலைக்குள் ஓட்டும் குளத்துக்கு வைத்த பெயர், பிறகு பொருளுக்குத் தாவியது. அதோடு ஒப்பிட்டால் நம் சொல் நேரானது.

மடல் 4 | சட்ட மொழிபெயர்ப்பு

> தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது

சொல் அழகு, மறுக்கவில்லை. இரண்டு சிக்கல்.

முதலாவது சட்டச் சிக்கல். சங்கப் பாடலில் உள்ள பார்வை உயிருள்ளது, கட்டிவைத்தது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுக் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுப்பது சரியாக அதைத்தான்: காட்டுப்பறவையைக் கொல்லவோ பிடிக்கவோ, கட்டிவைத்த அல்லது குருடான, ஊனமான, காயம்பட்ட உயிருள்ள பறவையையோ விலங்கையோ காட்டக்கூடாது. பதிவுசெய்த ஒலியும் கூடாது. ‘பார்வைப்புறா வைக்கவும்’ என்று மட்டும் எழுதினால், அகராதி பார்க்கும் ஆள் காலில் கயிறு கட்டிய புறாவை நினைப்பான்.

இரண்டாவது, இன்றைய தமிழில் பார்வை என்றால் கண்பார்வை. சுழலும் இயந்திரத்துக்குச் ‘சுழல்பார்வை’ என்று யாராவது எழுதிவைப்பார்கள், வாசகர் தலைசுற்றலுக்கு மருத்துவக் குறிப்பு என்று நினைப்பார்.

சட்டம் பேசும்போதே ஒன்று: பட்டியலில் இந்தப் பகுதியின் தலைப்பில் ‘புறா ஒழிப்பு’ என்று இருக்கிறது, எடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் இது ஜிஎல் 42 என்ற பொது உரிமத்தின் கீழ் நடப்பது. நோக்கம் பயிர் முதலியவற்றுக்குக் கடுஞ்சேதம் தடுப்பது மட்டும். வெடிச்சத்தக் குழாய், பட்டம், சோளக்கொல்லைப் பொம்மை போன்ற கொல்லாத வழிகள் பலிக்கவில்லை, அல்லது அங்கே நடைமுறைக்கு ஒத்துவராது என்ற நிலை வேண்டும். 2019 ஏப்ரலில் முந்தைய உரிமங்கள் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து திரும்பப் பெறப்பட்டதிலிருந்து இந்த வாசகங்களை எல்லோரும் கூர்ந்து படிக்கிறார்கள். பொழுதுபோக்குக்கோ, புறாவை ஒழிக்கவோ உரிமம் இல்லை.

மடல் 5 | நார்ஃபோக் பண்ணை வேலையர்

‘ஒழிப்பு’ உண்மையும் இல்லை. கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்டனில் பறவை ஆய்வாளர் மர்ட்டன் நடத்திய ஆய்வு காட்டியதே அதுதான்: குளிர்காலத்தில் எவ்வளவு சுட்டாலும் மொத்த எண்ணிக்கை குறையவில்லை, எண்ணிக்கையை நிர்ணயிப்பது குளிர்காலத் தீனி. பின்னால் ரேப் என்ற எண்ணெய்க் கடுகு பரவியதும் அந்தத் தீனித் தட்டுப்பாடும் தீர்ந்தது. இன்று நாடெங்கும் சுமார் 50 லட்சம் இணைகள். பார்வை வைப்பது இந்த வயலை, இந்த வாரம் காக்க: விதைத்த பட்டாணி, பனிக்காலத்தில் ரேப் இளந்தளிர், ஜூலையில் சாய்ந்த கோதுமை. சுட்டதின் தீனிப்பையைக் கீறிப் பாருங்கள், எந்த வயல் மேய்கிறது என்று உள்ளே இருக்கும். (ஆங்கிலத்தில் பயிருக்கும் தீனிப்பைக்கும் ஒரே சொல். மூலத்தில் ‘கிராப்’ வரும் இடமெல்லாம் பயிர் என்று போட்டுவிடாதீர்கள்.)

சட்டக்காரர் சொன்ன உயிர்ப்புறாச் சிக்கலை அடைமொழியால் தீர்க்கலாம். ‘பார்வைப்புறா’ பொதுச்சொல். அதன் கீழ் ஓட்டுப்புறா, முழுவுருப்புறா, செத்தபுறா. வயலில் யாரும் வெறுமனே பொதுச்சொல் சொல்லமாட்டார்கள். ‘பத்து ஓட்டுப்புறா முதலில் வை, புறா விழுந்ததும் ஒவ்வொன்றாய் மாற்று’ என்பார்கள். இயந்திரத்துக்குச் ‘சுழற்றி’ போதும், பார்வையை இழுக்கவேண்டாம்.

மடல் 6 | லிங்கன்ஷயரிலிருந்து, யாழ்ப்பாணத் தமிழில்

‘ஹைட்’டுக்குப் ‘பதுங்கு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுறன். எங்கட ஆக்களுக்குப் பதுங்குகுழி என்றால் குண்டுவீச்சுக்கு ஓடி ஒளிச்ச குழிதான். ‘ஒளியிடம்’ என்றால் வெளிச்சமான இடம் என்று வாசிப்பினம். பரண் என்றால் உயரத்தில் இருக்க வேணும், இது நிலத்தோட நிலமாய் இருக்கிற விசயம். ‘மறைப்பு’ போதும். ஓலைமறைப்பு, வலைமறைப்பு என்று ஏற்கெனவே புழங்குற சொல்.

மறைப்பு எப்படி இருக்க வேணும் எண்டால்: வேலியையோ வாய்க்கால் கரையையோ முதுகுக்கு வைத்து, நாலைந்து கம்பத்தில் வலை கட்டி, அந்த வேலியில் உள்ள தழையையே முன்னால் செருக வேணும். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் முக்கியம். பின்னால் வெளிச்சம் தெரிஞ்சால் தலை அசையுறது நிழலாட்டமாய்த் தெரியும். கை, முகம் ரெண்டையும் மூட வேணும். காற்று முதுகிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால் நல்லது.

‘ஃப்ளைட் லைன்’ பற்றி: ‘வலசைப்பாதை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வலசை வேறை. இது அடையுற காட்டிலிருந்து மேயுற வயலுக்கு நாளாந்தம் போற வழி, வேலி வரிசை, காட்டு முனை, பள்ளத்தாக்கு என்று அடையாளம் பிடிச்சுப் பறக்கும். ‘பறப்புத்தடம்’ சரி. முதல்நாளே தொலைநோக்கியோட வந்து இதைப் பார்க்காமல் மறைப்புக் கட்டினால் மிச்சமெல்லாம் வீண். புறாக் கூட்டம் நிக்கிற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, எந்த வழியால் வருகுது என்று பார்க்க வேணும்.

இரவு தங்குற மரம் ‘அடைமரம்’. பகலில் வயலை நோட்டம் பார்க்க நிக்கிற மரம் ‘அமர்மரம்’. ரெண்டையும் ஒன்றாக்க வேண்டாம், அடைமரத்தடியில் சுடுறது வேறை முறை, அதிலை பார்வை வைக்கிற வேலை இல்லை.

மடல் 7 | சட்ட மொழிபெயர்ப்பு

அடைமொழித் தீர்வு ஏற்கலாம், விளக்கத்தில் ‘உயிரற்ற’ என்ற சொல் கட்டாயம் இருந்தால். பறவைப் பெயரில் ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் காட்டுப்புறாவைப் போலவே ஒன்று உண்டு, கொஞ்சம் சிறியது, மரப்பொந்தில் கூடு கட்டும். அது ஜிஎல் 42இல் இல்லை, சுட்டால் குற்றம். இரண்டும் கலந்தே மேயும். அதற்குப் ‘பொந்துப்புறா’ என்று தனிப்பெயர் கொடுங்கள். காட்டுப்புறாவுக்கு அடையாளமாகக் ‘கழுத்தில் வெள்ளைத் திட்டு’ என்று மட்டும் போடாதீர்கள், குஞ்சுப் பருவம் தாண்டிய இளம்புறாவுக்கு அது இருக்காது. சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை: காட்டுப்புறாவுக்கு எந்த வயதிலும் உண்டு, பொந்துப்புறாவுக்கு இல்லை.

மடல் 8 | நார்ஃபோக் பண்ணை வேலையர்

ஆமாம், அந்தப் பட்டை தெரியாத தூரத்தில் சுடவே கூடாது. 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி, 28 அல்லது 30 கிராம் தோட்டா, பிரிட்டிஷ் 6ஆம் எண் சிறுகுண்டு என்ற வழக்கமான சேர்க்கைக்கு 35 மீட்டருக்குள்தான் பேச்சு. பார்வைப்புறாவின் பயனே அதுதான், புறாவை 20, 25 மீட்டருக்கு இறக்கிக் கொடுப்பது. அவசரக்காரர் மேலே வட்டமிடும்போதே சுடுவார். காயம்பட்டுப் போகும், கூட்டமும் கலையும். புறா காலை நீட்டிச் சிறகை விரித்து வேகத்தை நிறுத்தும் நொடி வரை பொறுக்கவேண்டும். காயம்பட்டது விழுந்தால் உடனே போய் எடுத்து முடித்துவிட வேண்டும், அடுத்த கூட்டம் வருகிறதே என்று விடக்கூடாது.

‘புறாக்கள் மீது துப்பாக்கிச் சூடு’ என்று வரைவில் ஓர் இடத்தில் பார்த்தேன். செய்தித்தாள் தலைப்பு மாதிரி இருக்கிறது. ‘புறா சுடுதல்’ என்றே இருக்கட்டும்.

மடல் 9 | பட்டியல் தொகுப்பாளர்

நன்றி. ‘ஈர்ப்புப்பொம்மை’யைத் திரும்பப் பெறுகிறேன். பதிவு இப்படிப் போகிறது:

*பார்வைப்புறா (பெ.): பறக்கும் புறாவைச் சுடும் தூரத்துக்குள் இறங்கவைக்க வயலில் வைக்கும் உயிரற்ற புறா அல்லது புறா உரு. ஓட்டுப்புறா, முழுவுருப்புறா, செத்தபுறா என வகைப்படும். பார்வை வைத்தல் (வி.).*

பறவைப் பெயர் சேராமல் ‘பார்வை’ தனித்து வருவது இந்த வினையில் மட்டும். மறைப்பு, பறப்புத்தடம், அமர்மரம், அடைமரம், சுழற்றி, பொந்துப்புறா அப்படியே ஏற்பு. அறுவடை முடிந்த வயலுக்குத் ‘தாளடி’ என்று போட்டிருக்கிறேன், சரிதானே?

மடல் 10 | பழந்தமிழ்ப் பக்கம்

தாளடி வேண்டாம், தஞ்சைப் பக்கத்தில் அது குறுவைக்குப் பின் வரும் நெற்பருவம். ‘அரிதாள் வயல்’ என்று திருத்துங்கள். பார்வைப்புறாவின் கீழ் ‘பார்வைமான் காண்க’ என்று ஒரு வரியும், பார்வைமானின் கீழ் ‘உயிருள்ளது’ என்ற குறிப்பும் சேர்த்துவிட்டால் சட்டக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.